ரன்வே வருவதற்கு முன்பே: ஒரு சிமுலேட்டர் நாட்குறிப்பு

ஜூலை 6, 2024, சனி. செம்பூர், மும்பை

ஹாங்காங்கின் பழைய காய் டாக் விமான நிலையத்தை மூடி இன்றோடு 26 வருஷம். 1998 ஜூலை 6-ல் மூடினார்கள். கடலுக்குள் நீண்டிருந்த அந்த ரன்வேயின் நுனியில் இப்போது சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. வீட்டு கம்ப்யூட்டரில் நான் ஓட்டும் விமான சிமுலேட்டரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, யாரோ ஆசையாகச் செய்து வைத்த ஆட்-ஆன் புண்ணியத்தில்.

ரன்வே 13-க்கு (எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் திசை) வரும் வழிகாட்டி அலை 88 டிகிரியில் வருகிறது. அது விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது ரன்வேயில் அல்ல, ஒரு குன்றின் முன்னால். குன்றில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய கட்டம் போட்ட சுவர். அது தெரிந்ததும் ஆட்டோபைலட்டை அணைத்து, கையால் வலப்பக்கம் 47 டிகிரி திரும்ப வேண்டும். 747-ல், கௌலூன் மொட்டைமாடிகளுக்கு மேலே.

புதிதாக ஓட்டுபவர்கள் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது காற்றை. தென்மேற்கிலிருந்து அடித்தால் திரும்பும்போதே வளைவுக்கு வெளியே தள்ளிவிடும். அதனால் கொஞ்சம் முன்னதாகவே சாய்க்க வேண்டும். இன்று சாய்த்தேன், சரியாக வந்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, அந்த பில்டிங்ல துணி காயப் போட்டிருக்காங்களா பாருங்க" என்றாள்.

ஜூலை 8, திங்கள்

ராத்திரி ஒரு மணிக்குப் பிடித்த மழை. விடிவதற்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நிஜ விமானங்களே திண்டாடுகிற நாளில் நானும் பெரியவளும் காட்மாண்டுவுக்குக் கிளம்பினோம். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. துணை விமானி உத்தியோகம், சம்பளம் மேகி.

காட்மாண்டு 4,390 அடி உயரத்தில் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. தெற்கே மலை விளிம்பைத் தாண்டித்தான் ரன்வே 02-க்கு இறங்க வேண்டும். செயற்கைக்கோள் துணையோடு வளைந்து வரும் முறை இப்போது உண்டு. எனக்குத் தரையிலிருக்கும் ரேடியோ நிலையத்தை வைத்து வரும் பழைய விஓஆர் முறைதான் பிடிக்கும், அது முழுக்க முழுக்கக் கணக்கு. இத்தனையாவது மைலில் இத்தனை அடி என்று படிப்படியாக வரைபடத்தில் இருக்கும். எந்தப் படியிலும் அவசரப்படக் கூடாது. 1992 செப்டம்பர் 28 அன்று கராச்சியிலிருந்து வந்த ஏர்பஸ் A300, ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான உயரத்துக்கு முன்கூட்டியே இறங்கிவந்து மலையில் மோதியது. 167 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

இன்னொரு சிக்கல் சரிவு. வழக்கமான 3 டிகிரியில், 150 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்கு, நிமிஷத்துக்கு 800 அடி இறங்கினால் போதும். இங்கே ஒரு கட்டத்தில் 5 டிகிரிக்கும் மேல், அதாவது நிமிஷத்துக்கு 1,400 அடி. நாங்கள் ஓட்டும் A320 வழுக்கிக்கொண்டு ஓடும் ஜாதி. கீழே இறங்கு என்றால் வேகம் ஏறும், வேகத்தைக் குறை என்றால் இறங்காது. சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் (இறக்கையிலிருந்து கீழே விரியும் பலகை) முன்னாலேயே போட்டு, நத்தையாகித்தான் மலை விளிம்பைக் கடக்க வேண்டும். பெரியவள் மைலைப் படிக்க, நான் உயரத்தைச் சொல்ல, இரண்டு பேரும் சரிபார்த்து இறங்கினோம். லேண்டிங் மொத்தென்று இருந்தது. பரவாயில்லை, அழகுப் போட்டியா நடக்கிறது?

ஜூலை 10, புதன்

கரண்ட் இல்லை. பறக்கவில்லை.

ஜூலை 13, சனி

லடாக்கின் லே. 10,682 அடி. பிற்பகலில் காற்று கிளம்பிவிடும் என்பதால் நிஜத்தில் விமானங்கள் காலையிலேயே வந்துபோய்விடும். நாங்களும் சிமுலேட்டர் கடிகாரத்தைக் காலை ஏழுக்கு வைத்தோம்.

பெரியவள் திரையில் இரண்டு எண்களைத் தொட்டுக் காட்டினாள். வேகமானி 135. தரைவேகம் 160. "காத்தே இல்லையே, அப்புறம் எப்படிப்பா?"

மேலே காற்று மெலிசு. இறக்கைக்கு அதே தாங்கல் கிடைக்க விமானம் நிஜத்தில் இன்னும் வேகமாக ஓடியாக வேண்டும். வேகமானிக்குத் தெரிவது காற்றின் அழுத்தம் மட்டும், அதனால் அது 135 என்றே சொல்லும். தரைக்குத்தான் உண்மை தெரியும். இறங்கும் வேகமும் கூடும், திரும்பும் வட்டமும் அகலும், பிரேக்குக்கும் வேலை அதிகம். சமவெளியில் பழகின கைக்கு எல்லாமே ஒரு நொடி முன்னால் வந்து நிற்கும்.

ஸ்பிதுக் மடாலயம் இருக்கிற குன்றை ஒட்டி ரன்வே 07-ல் இறங்கினோம். எதிர்ப்பக்கம் நிலம் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் புறப்படுவது பெரும்பாலும் வந்த பக்கமே.

ஜூலை 14, ஞாயிறு

நண்பர்கள் கேட்டார்கள் என்று நேபாளத்தின் லுக்லா. 527 மீட்டர் ரன்வே, 12 சதவீத ஏற்றம், முடிவில் மலைச்சுவர். எல்லாரும் இதைத்தான் உலகத்திலேயே பயங்கரம் என்கிறார்கள். நிஜத்தில் மேகமும் காற்றும் சேர்ந்தால் பயங்கரம்தான். சிமுலேட்டரில் வானத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானத்தில் போனால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தில் யோசிக்க எதுவுமே கிடையாது, இறங்கியே ஆக வேண்டும். எனக்குக் கஷ்டம், யோசிக்க இடம் கொடுக்கிற விமான நிலையங்களில்தான்.

ஜூலை 19, வெள்ளி

ஏதோ ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் நீலத் திரை. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். வீட்டு கம்ப்யூட்டர் நலம், சாயங்காலமே மங்களூர்.

பார்த்தால் சாதுவான ஊர். ரேடியோ அலையால் ரன்வேக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் உண்டு, 2,450 மீட்டர் ரன்வே, அதாவது 8,000 அடிச் சொச்சம். மேசை மாதிரி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது என்பதே இறங்கும்போது உறைக்காது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த 737, ரன்வேக்கு இரண்டரை மைல் இருக்கும்போதே தரையிலிருந்து 2,500 அடியில் இருந்தது. 800 அடி போதும் அங்கே. ரன்வே தொடக்கத்தை 50 அடியில் கடக்க வேண்டியது, 200 அடியில் கடந்தது. அந்த 150 அடி மிச்சம் 3 டிகிரி சரிவில் கிட்டத்தட்ட 2,900 அடி நீளமாக மாறிவிடும். சக்கரம் தொட்டது ஏறக்குறைய 5,200-வது அடியில். 158 பேர் போனார்கள். துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போகச் சொல்லியிருக்கிறார், விசாரணை அறிக்கையில் இருக்கிறது.

இதைப் பெரியவளிடம் சொன்னேன். அவள் உடனே சட்டம் போட்டுவிட்டாள்: யார் சொன்னாலும், ஒரு தடவை சொன்னாலே மேலே ஏற வேண்டும், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 20, சனி

கோழிக்கோடு. இதுவும் மேசை மேடு. 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில், ரன்வே 28-ல் முதல் முயற்சி கைவிடப்பட்டு, விமானம் மறுபக்கமாக ரன்வே 10-க்கு வந்தது. முதுகில் 14 நாட் காற்று. 8,858 அடி ரன்வேயில் 4,438-வது அடியில்தான் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள்.

சிமுலேட்டரிலும் அதே காற்று, ஈரமான ரன்வே, அதே பக்கம். கணக்கை முதலில் பேப்பரில் போட்டோம். 145 நாட் வேகத்தில் வருகிற விமானத்துக்கு 14 நாட் எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 131. அதே காற்று பின்னால் இருந்தால் 159. பிரேக் தின்ன வேண்டியது வேகத்தின் வர்க்கத்தை. ஆக, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

ஆயிரம் அடி வரை எல்லாம் ஒழுங்கு. ஐந்நூறிலும் குறை சொல்ல முடியாது. ரன்வே விளக்குகள் மழையில் கரைந்து தெரிந்தன. தொடக்கத்தைத் தாண்டி மூக்கைத் தூக்கினேன், விமானம் இறங்க மனமில்லாமல் மிதந்தது. இடப்பக்கம் டச்டவுன் அடையாளங்கள் ஒன்றொன்றாகப் பின்னால் போயின. இன்னும் இரண்டு நொடியில் தொட்டுவிடும், எனக்குத் தெரியும்.

"அப்பா, கோ-அரவுண்ட்."

த்ராட்டிலை முழுசாகத் தள்ளினேன்.

மேலே ஏறி, சக்கரத்தை உள்ளிழுத்த பிறகு காரணம் கேட்டேன். "நீங்க பேசறதை நிறுத்திட்டீங்க" என்றாள்.

எரிபொருள் இருந்தது. கொச்சி பக்கம்தான், ஆனால் அவள் கோயம்புத்தூர் என்றாள். பாட்டி வீடு இருக்கிறதாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாமாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே போய், ஊரைச் சுற்றித் திரும்பி, ரன்வே 23-ல் ஆடிக் காற்றுக்கு நேர் எதிரே இறங்கினோம். தரைவேகம் 120-ஐத் தாண்டவே இல்லை.