கிரீலி அச்சிட்ட பட்டியலும் அச்சேறாத மறுப்பும்

இருபது வருடங்களுக்கு மேல் நாளிதழ் டெஸ்கில் இரவுப் பணி பார்த்தேன். கடைசி எடிஷன் முடிந்து முதல் பஸ் வரும்வரை கிடைக்கிற நேரத்தில்தான் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

1811-ல் நியூ ஹாம்ப்ஷையரில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். பதினைந்து வயதில் வெர்மான்டில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் அச்சுக்கோர்க்கப் பழகினார். 1831-ல் பத்து டாலர் அளவு பணத்தோடு நியூயார்க் வந்தார். பத்தே ஆண்டில், 1841 ஏப்ரல் 10 அன்று, அவர் தொடங்கிய ‘நியூயார்க் டிரிப்யூன்’ வெளிவந்தது. விலை ஒரு சென்ட். கார்ல் மார்க்ஸ் லண்டனிலிருந்து கட்டுரை அனுப்பியது இந்தப் பத்திரிகைக்குத்தான்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஒரு பட்டியல். 1848 டிசம்பரில், காலியான ஓர் இடத்துக்கு மூன்றே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினராகப் போனார் கிரீலி. அங்கே போயும் அவர் பத்திரிகைக்காரராகவே இருந்தார். உறுப்பினர்களுக்குப் பயணப்படி மைலுக்கு 40 சென்ட், போகவும் வரவும். ‘வழக்கமாகப் போகிற பாதை’ என்றுதான் சட்டம் சொன்னது. பலர் சுற்றுப்பாதைக் கணக்கு காட்டிப் பணம் வாங்கினார்கள். தபால் போகிற மிகக் குறுகிய பாதையின் தூரத்தை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவர் வாங்கிய தொகையையும் கூடுதலாகப் போன தொகையையும் போட்டு, டிரிப்யூனில் அப்படியே அச்சிட்டார்.

பட்டியல் செய்தி என்றாலே டெஸ்கில் முகம் சுளிப்பார்கள். ஓர் எண் புரண்டால் மொத்தமும் போச்சு. அதனால்தான் அந்தப் பட்டியலில் ஒரு வரியை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இல்லினாய்ஸ் உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன்: ஒருவழி 1,626 மைல் என்று காட்டி, போகவும் வரவும் சேர்த்து 1,300.80 டாலர் வாங்கியிருக்கிறார். தபால் பாதை 780 மைல். கூடுதல் 676.80 டாலர். சரியாக வந்தது. லிங்கனும் கிரீலியும் ஒரே விக் கட்சி. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் எல்லாப் பெயரும் இருந்தது. யாரும் சட்டத்தை மீறவில்லை, சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று கிரீலி சொல்லியும், சபையில் எழுந்து எழுந்து திட்டினார்கள். மறுநாளும் அதே ஆட்கள் நடுவில் போய் உட்கார்ந்தாரே, அதற்குத் தனி நெஞ்சு வேண்டும்.

1867-ல் இன்னொரு சோதனை. அடிமை முறையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் விசாரணையே இல்லாமல் இரண்டு வருடம் சிறையில் கிடப்பது நியாயமில்லை என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். அவர் பின்வாங்கவில்லை.

அப்புறம் 1872. அப்போதைய அதிபர் கிரான்ட்டை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். அதற்காக ஆசிரியர் நாற்காலியை வைட்லா ரீடிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த முடிவை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. தேர்தலுக்கு ஒரு வாரம் முன் மனைவி இறந்தார். நவம்பர் 5-ல் படுதோல்வி. இரண்டு நாள் கழித்து, திரும்பி வந்துவிட்டேன் என்று டிரிப்யூனில் அறிவிப்புக் கொடுத்தார். அதே இதழில், பதவிக்குச் சிபாரிசு கேட்டு அலைந்த ஆதரவாளர்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையும் வந்தது. அவர் எழுதியதல்ல, ஆனால் அவர் எழுதியதாகத்தான் ஊர் நினைத்தது. பதறிப்போய் மறுப்பு எழுதிக் கொடுத்தார். ரீட் அதைப் போடவில்லை. தான் தொடங்கிய பத்திரிகையில், தன் பெயரைக் காக்க எழுதிய சில வரிகளுக்கு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நவம்பர் 29-ல் இறந்தார்.

இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டுறவுச் சங்க மோசடிச் செய்தியை இடத்துக்காகச் சுருக்கியபோது, குற்றம்சாட்டப்பட்டவரின் இனிஷியலை எடுத்துவிட்டேன். அதே ஊரில் அதே பெயரில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். மறுநாள் காலையிலேயே ஆபீசுக்கு வந்துவிட்டார். நான்கு வரியில் திருத்தம் எழுதி மேலே அனுப்பினேன். ‘இதையெல்லாம் போட்டால் பேப்பர் பேர் கெட்டுப்போகும்’ என்று திரும்பி வந்தது. மூன்று நாள் அவர் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும், “தம்பி, நாளைக்கு வந்துடுமா?” என்று கேட்டார். நானும் வந்துவிடும் என்றேன். நான்காம் நாள் அவர் வரவில்லை. திருத்தமும் வரவில்லை.