எனக்கு ரெண்டு பிள்ளை மேடம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். நாங்கள் எத்தனை தடவை சொல்லியும் மனதில் ஏறாதது, அதே வார்டில் முன்பு பிள்ளையை வைத்திருந்த ஓர் அம்மா வந்து ஒரு தடவை சொன்னால் ஏறிவிடும். "நெஞ்சோட சேத்துக் கட்டிக்கோம்மா, குழந்தைக்குச் சூடு கிடைக்கும், வெயிட் ஏறும்" என்று நாங்கள் சொன்னால் தலையாட்டுவார்கள். மாமியார் வந்து "பச்ச உடம்பு, குழாயெல்லாம் மாட்டியிருக்கு, தொடாதே" என்றால் நீட்டிய கை திரும்பிவிடும்.

ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்ற பேச்சு இந்தச் சென்னையில் இன்னமும் உண்டு. உண்மை நேர்மாறானது. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரல் தேறுகிறது, பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. எங்கள் டாக்டர் படம் வரைந்து காட்டியும் நம்பாத ஒரு பாட்டி, 33 வாரத்தில் பிறந்து இப்போது யு.கே.ஜி. படிக்கும் பையனை அவன் அம்மா கூட்டிவந்து நிறுத்தியதும் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவனா எட்டாம் மாசம்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் கங்காரு துணியை மருமகளுக்குக் கட்டிவிட்டதே அவர்தான்.

அப்படித்தான் பழைய பெற்றோரைச் சனிக்கிழமைகளில் வரச் சொல்ல ஆரம்பித்தோம். பாலாடையில் பால் புகட்டும்போது எப்போது நிறுத்த வேண்டும், வீட்டுக்குப் போன முதல் ராத்திரி எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் பேசுவார்கள். ஆனால் வார்டுக்குள் ஆறுதலாகப் பேசுவது ஒன்று, அதிகாரிகள் முன்னால் நின்று தன் கதையைச் சொல்லி ஒன்றை மாற்றக் கேட்பது வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். 2008-இல் ஐரோப்பாவில் பெற்றோர் அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய நாள் அது. அன்று எங்கள் ஆஸ்பத்திரி அரங்கில் கூட்டம் நடக்கும். உலகத்தில் 2020-இல் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன, அதில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில் என்று ஒரு ஸ்லைடு வரும். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அதைப் பார்த்து யாரும் எந்த ஏற்பாட்டையும் மாற்றி நான் கண்டதில்லை.

ஒரு வருஷம் லோடு ஆட்டோ ஓட்டும் ஓர் அப்பா பேசினார். அவர் மகள் 1,100 கிராமில் பிறந்தவள். இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, ஒரு மாதத்துக்குள் கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ரொம்பச் சின்னதாக இருந்தால் இன்னும் முன்னால். அவர் மேடையில் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து வாசித்தார். "செவ்வாக்கிழமை வரச் சொன்னீங்க. வந்தேன். அன்னைக்கு லீவு. அடுத்த செவ்வாதான் டாக்டர் வருவாங்கன்னு வாசல்ல சொன்னாங்க. எனக்கு அது சும்மா ஒரு செக்கப்னுதான் தெரியும். பாப்பாவைத் திண்டிவனத்துல மாமியார் வீட்டுல விட்டுட்டேன்." அடுத்த வாரமும் வராமல் போய், வார்டிலிருந்து யாரோ தற்செயலாகப் போன் செய்ததால்தான் அவர் திரும்ப வந்தார். லேசர் செய்து பார்வையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த பெரிய டாக்டர் அங்கேயே கேட்ட கேள்வி, "லீவு நாள்ல விழுந்தா யார் மாத்தித் தர்றது?" என்பதுதான். இப்போது கண் பரிசோதனைக்கு வர வேண்டியவர்களின் பட்டியல் நர்ஸ் மேசையில் இருக்கிறது. முந்தைய நாளே போன் போகும். விடுமுறை வந்தால் பரிசோதனை முன்னுக்கு வரும்.

இதே சென்னையில், 1996-இல் ஓர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் 1,250 கிராமில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை போனது. அவள் அப்பா விடவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் தரச் சொன்னபோது அவளுக்கு வயது பதினெட்டு. கண் பரிசோதனை பற்றி எங்களுக்கு நடக்கும் வகுப்புகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். ஒரு குடும்பம் அத்தனை வருஷம் கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டியிருந்ததை, இன்னொரு அப்பா ஒரு அரங்கில் பத்து நிமிஷத்தில் சொல்ல இடம் கொடுப்பது எங்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

இடம் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டம் நடத்துகிறவர்களுக்கு எப்போதும் நல்லபடியாக முடிந்த கதைதான் வேண்டும். வியாசர்பாடியிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு 30 வாரத்தில் இரட்டைக் குழந்தைகள், ஓர் ஆண், ஒரு பெண். வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி, குழந்தைகள் மட்டும் 108-இல் எங்களிடம் வந்தார்கள். தையல் போட்ட வயிற்றோடு அவர் அங்கே, பிள்ளைகள் இங்கே. அவர் வந்து சேர்வதற்கு முன்பே மகள் போய்விட்டாள். உயிரோடு இருந்த மகளைப் புருஷனின் போனில் படமாகத்தான் பார்த்தார்.

கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் அவரிடம் தன்மையாகத்தான் கேட்டார், "பையன் நல்லா இருக்கான்ல, அதை மட்டும் சொல்லிடலாமேம்மா" என்று. அதற்கு அவர், "எனக்கு ரெண்டு பிள்ளை மேடம். ஒண்ணை விட்டுட்டு எப்படிச் சொல்றது?" என்றார். இரண்டு பேரைப் பற்றியும் சொன்னார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளையை அனுப்பும்போது அம்மாவையும் கூட அனுப்புங்கள், படுக்க ஒரு கட்டில் கொடுங்கள்.

அது கருணைக்காகக் கேட்டது இல்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடம் மரணம் கால் பங்கு குறைந்திருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, வெளியிலிருந்து வரும் குழந்தைகளின் அம்மாக்களுக்கென்று எங்கள் வார்டை ஒட்டிச் சில கட்டில்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். போதாது. இன்னமும் வராந்தாவில் பாய் விரிக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், கதை சொல்பவரைக் காப்பாற்றும் வேலையும் நமக்கு இருக்கிறது. ஒரு தடவை நன்றாகப் பேசிவிட்டால் எல்லாக் கூட்டத்துக்கும் அவரையே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நாட்களுக்குள் போய்வர வேண்டியது அவர்தான். நான் அவர்களிடம், பாதியில் நிறுத்தலாம், வரமாட்டேன் என்று காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். குழாய் மாட்டிய குழந்தையின் முகம் தெரியும் படத்தைப் போடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

வரும் நவம்பரில் அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா பேசுகிறார். அவருக்குக் கிடைத்த 26 வாரப் பிரசவ விடுப்பில் இரண்டு மாதத்துக்கு மேல் எங்கள் வார்டிலேயே போய்விட்டது. குறைமாதப் பிரசவத்தால் அம்மாவின் உடம்பு கெட்டால், டாக்டர் சான்றிதழோடு மேற்கொண்டு ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம் என்று 1961-ஆம் வருஷத்து மகப்பேறு பயன் சட்டத்தின் 10-ஆம் பிரிவே சொல்லியிருந்தது; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது அம்மாவின் உடம்புக்கு மட்டும்தான், குழந்தை இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்த நாட்களுக்கு இல்லை. அந்த நாட்களை விடுப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதுதான் அவர் கேட்கப் போவது. இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதால் கம்பெனி பெயரைச் சொல்லமாட்டார். பிறந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, வேலைக்குத் திரும்பிய தேதி, அன்றைக்குக் குழந்தையின் எடை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். தொழிலாளர் துறையிலிருந்து யாராவது ஒருவர் கேட்க வர வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். போன வாரம் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.