நடுநிலைப் பள்ளி மாலைநேரங்களுக்கு ஊர் துணை நிற்கவேண்டும்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் மாலைநேரத் திட்டங்களுக்கு ஊராரின் ஆதரவைத் திரட்டுவது, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காகத் திரட்டுவதைவிடக் கடினமானது. ஏழு வயதுக் குழந்தையைப் பள்ளி விட்டபின் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பன்னிரண்டு வயதாகிவிட்டாலோ, வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, இனித் தானே சமாளித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் ஆறுதல் அடைந்துவிடுகிறோம். உண்மையில் நட்பும் உடலும் மனமும் ஒருசேர மாறும் இந்த வயதில்தான், பெற்றோரும் ஆசிரியரும் அல்லாத நம்பகமான ஒரு பெரியவர் பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுகிறார்.

அமெரிக்காவில் இந்த ஆதரவைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அச்சத்திலிருந்து தொடங்குகிறார்கள். பள்ளி நாட்களில் சிறார் வன்முறைக் குற்றங்கள் பள்ளி விட்டதை ஒட்டிய பிற்பகல் நேரத்தில் உச்சத்தைத் தொடுகின்றன என்று அந்நாட்டுப் புள்ளிவிவரங்கள் நெடுங்காலமாகவே காட்டிவருவதால், அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆயினும் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. தன்னைக் குற்றவாளியாகாமல் தடுப்பதற்காகவே ஓர் இடம் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது என்று உணரும் பிள்ளை அங்கே விரும்பி வராது. இந்த வயதினரைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கவும் இயலாது. பிடிக்கவில்லையென்றால் மறுவாரமே நின்றுவிடுவார்கள்.

மதிப்பெண் உயரும் என்று வாக்குக் கொடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. மாலைநேரத் திட்டங்களுக்கு நிதி வழங்கும் அமெரிக்க நடுவண் அரசின் 21ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள் திட்டத்தை ஆராய்ந்து 2003இல் வெளியான மதிப்பீடு, நடுநிலைப் பள்ளி மாணவர்களின் படிப்பில் பெரிய முன்னேற்றம் தென்படவில்லை என்றது. அதைச் சுட்டிக்காட்டியே, சுமார் 100 கோடி டாலராக இருந்த ஆண்டு ஒதுக்கீட்டை 60 கோடியாகக் குறைக்க அன்றைய அரசு முன்மொழிந்தது. பெற்றோரும் பள்ளிகளும் உள்ளூர் அமைப்புகளும் திரண்டு எதிர்த்ததைக் கண்ட நாடாளுமன்றம் அந்த வெட்டை ஏற்கவில்லை. ஆய்வின் முடிவு சாதகமாக இல்லாத நேரத்திலும் திட்டம் பிழைத்ததற்கு, அதைத் தம்முடையதாக எண்ணியவர்கள் போதிய அளவில் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அத்தகைய உரிமையுணர்வு கையெழுத்து வேட்டையால் வருவதில்லை. ஒவ்வொருவரிடமும் அவரால் செய்யக்கூடிய ஒரு குறிப்பிட்ட பணியைக் கேட்பதால் வருகிறது. கலிபோர்னியாவில் 2002இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 49ஆம் முன்மொழிவால் விரிவடைந்த மாலைநேரத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மாநில மானியத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான தொகையையோ பொருளையோ உழைப்பையோ உள்ளூரிலிருந்து காட்டவேண்டும் என்பது அதன் விதி. சுமையாகத் தோன்றும் இந்த விதி, நூலகத்தையும் விளையாட்டுக் கழகத்தையும் கடைக்காரரையும் நேரில் சென்று பார்க்கவேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்துகிறது. தச்சர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை வந்து மரவேலை கற்றுக்கொடுத்தால், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிக் குழுவுக்கான அடுத்த தேர்தலில் அவர் இத்திட்டத்தின் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கே பலரும் மறந்துவிடும் ஒன்று, மாலை வகுப்புகள் முடிந்தபின் பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிச்செல்லும் தாமதப் பேருந்து. பள்ளி விட்டவுடன் புறப்படும் பேருந்தைத் தவறவிட்டால் வீடு செல்ல வழியில்லாத பிள்ளைக்கு, எவ்வளவு சிறந்த வகுப்பு நடந்தும் பயனில்லை. ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் நடுநிலைப் பள்ளி மாணவருக்கென்றே உருவான திட்டம், பல அமைப்புகளின் வகுப்புகளை ஒரே வலையமைப்பில் இணைத்து, எதில் சேர்வது என்ற முடிவை மாணவர்களிடமே விட்டு, வீடு திரும்பும் பேருந்தையும் திட்டத்தின் ஓர் அங்கமாகவே வைத்தது. மாலையில் கட்டடத்தைத் திறந்து, துடைத்து, பூட்டும் துப்புரவுப் பணியாளரைத் தொடக்கத்திலேயே கலந்து பேசுவதும் இதே அளவு முக்கியம். அவருடைய பணிநேரம் நீளும்போது அதற்குரிய ஊதியத்தையும் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

நடுவண் மானியம் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கிறது. 2025 ஜூலையில் அந்த நிதி சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டபோது, இலையுதிர் பருவத்தில் கதவைத் திறக்கமுடியுமா என்று தெரியாமல் பல திட்டங்கள் திணறின. எனவே நெருக்கடி வருவதற்கு முன்பே, மானியத்தின் முதல் ஆண்டிலேயே, நகரமன்ற உறுப்பினரையும் பள்ளிக் குழுவினரையும் அழைத்துத் திட்டத்தைக் காட்டவேண்டும். மேடை, பூமாலை, உரை எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையாக அந்த நாள் இருப்பது நல்லது. அழைத்துச் சென்று சுற்றிக்காட்டும் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவர்களிடமே ஒப்படைத்து, தங்களுக்கு எது பிடிக்கிறது, எது போதவில்லை என்று அவர்களையே சொல்லவிட வேண்டும்.