மரங்களுக்குப் புத்தாண்டு: சிக்ரோன் யாக்கோவில் ஒரு து பிஷ்வாத்

ஜனவரிக் கடைசியில் இஸ்ரேலின் வடக்கே போனால் குன்றெல்லாம் பச்சை. மழைக்காலம் இன்னும் முடிந்திருக்காது. அந்தப் பச்சைக்கு நடுவே ஓர் இலைகூட இல்லாமல், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கும் பாதாம் மரங்கள். மற்ற மரங்கள் துளிர்க்கவே யோசிக்கும் நேரத்தில் பாதாம் முந்திக்கொள்ளும். அது பூத்துவிட்டால் து பிஷ்வாத் பண்டிகை நெருங்கிவிட்டது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். யூத நாட்காட்டியில் ஷ்வாத் மாதம் 15-ம் நாள், பௌர்ணமி. 2018-ல் அது ஜனவரி 31-ம் தேதி வந்தது. நம் ஊரில் அன்று தைப்பூசம்.

அப்போது நாங்கள் இஸ்ரேலில் ரெஹோவோத் நகரத்தில் குடியிருந்தோம். என் கணவரோடு ஆய்வகத்தில் வேலை செய்த தோழி, “பண்டிகைக்கு அம்மா வீட்டுக்கு வாங்க, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்” என்று கூப்பிட்டிருந்தார். அம்மா வீடு சிக்ரோன் யாக்கோவில். கார்மேல் மலையின் தென்கோடியில், 1882-ல் ருமேனியாவிலிருந்து வந்த யூதர்கள் உருவாக்கிய ஊர். பின்யாமினா வரை ரயில், அப்புறம் பஸ்ஸில் சிறிது நேரம் ஏற்றம். இந்தப் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1890-ல் இங்கே தலைமையாசிரியராக இருந்த ஜெயேவ் யாவெட்ஸ், து பிஷ்வாத் அன்று மாணவர்களை அழைத்துப்போய் மரக்கன்று நட வைத்தார். இன்று நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அந்த நாளில் கன்று நடுகிறார்கள் என்றால், தொடக்கம் அங்கேதான்.

ஆனால் பண்டிகை அதைவிட மிகப் பழையது. மரத்துக்கு வயது கணக்கிட ஒரு நாள் வேண்டியிருந்தது. நட்டு முதல் மூன்று வருடம் காய்க்கும் பழத்தை உண்ணக்கூடாது என்பது யூத வேதமான தோராவின் சட்டம். எந்த நாளை வைத்து வருடத்தை எண்ணுவது? பழங்கால யூத குருமார் இருவரின் சீடர்களுக்குள் இதில் வாதம். ஷம்மாய் வழியினர் ஷ்வாத் முதல் நாள் என்றார்கள், ஹில்லேல் வழியினர் 15-ம் நாள் என்றார்கள். ஹில்லேல் பக்கமே நின்றது. அதற்குள் அந்த வருடத்து மழையில் பெரும்பகுதி பெய்து முடிந்திருக்கும், இனி வரும் காய் இந்த மழையில் விளைவது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

முந்தின நாள் மாலையே பண்டிகை ஆரம்பம். தோழியின் அம்மா பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரப் பிள்ளைகளோடு சேர்ந்து என் பிள்ளைகளும் ஒரே மணி நேரத்தில் அவரை ‘சவ்தா’, அதாவது பாட்டி, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மேஜை முழுக்கப் பழங்கள். சஃபேத் நகரத்துக் கபாலா என்னும் யூத மறைஞான மரபில் வந்த முறைப்படி மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: வெளியே ஓடு உள்ளவை, உள்ளே கொட்டை உள்ளவை, முழுசாகத் தின்னக்கூடியவை. நாலு கோப்பை திராட்சை ரசம். முதலில் வெறும் வெள்ளை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு கூடி, கடைசியில் சிவப்பு. பிள்ளைகளுக்குத் திராட்சை ஜூஸ்.

சாப்பிட்டு முடித்ததும் சவ்தா ஒரு வாளியை எடுத்து வந்தார். பேரீச்சங்கொட்டை, ஆலிவ் கொட்டை, மாதுளைத் தோல், பாதாம் ஓடு எல்லாம் அதில் விழுந்தன. குப்பைக்கு என்று நினைத்தேன். இல்லை, காலையில் கைவேலைக்காம். பேரீச்சங்கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் வெந்நீரில் ஊறினால்தான் கழன்று வரும். அன்றிரவு பிள்ளைகள் பிசுக்குப் போகத் தேய்த்துத் தேய்த்து, கொட்டைகளை ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பினார்கள்.

காலையில் ஊருக்கு வெளியே ஓக் மரங்கள் நிறைந்த சரிவுக்கு நடந்தோம். சவ்தா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: கீழே விழுந்ததை மட்டும் பொறுக்கலாம், எதையும் ஒடிக்கக்கூடாது, பறிக்கக்கூடாது. புல்லுக்குள் கலனீத் என்னும் காட்டுப்பூக்கள் ரத்தச் சிவப்பில் கிடந்தன. யாரும் கை வைக்கவில்லை. 1960-களில் காட்டுப்பூக்களைப் பறிக்காதீர்கள் என்று அந்த நாட்டில் பெரிய இயக்கமே நடந்தது. அதற்கு முன்பெல்லாம் மக்கள் கைநிறையப் பறித்து வருவார்களாம். இப்போது சின்னப் பிள்ளைகூடப் பூவைச் சுற்றி நடக்கிறது. என் மகள் ஓக் கொட்டையின் தொப்பிகளைத் தேடித் தேடிச் சேர்த்தாள். மகனுக்குக் கிடைத்தது கரோப் காய். கறுத்து வளைந்த நெற்று. ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். திரும்பும் வழியெல்லாம் அவன் அதைக் குலுக்கிக்கொண்டே வந்தான்.

பிறகு முற்றத்து மேஜையில் வேலை. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். பிசைந்து, சப்பாத்திபோல் தேய்த்து, பொறுக்கிவந்த இலையின் நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து உருட்டுக்கட்டையால் ஒரு அழுத்து. இலையை உரித்தால் கிளை நரம்பு, அதன் கிளை, விளிம்பில் இருக்கும் முள் வரை மாவில் பதிந்திருந்தது. ஓக் இலையின் விளிம்பு முள்முள்ளாக இருக்கும் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ஓரத்தில் ஓட்டை போட்டு, ஓவனில் 100 டிகிரியில் மெதுவாகக் காயவிட்டார்கள்.

அடுத்தது பலகையில் ஏழு வகை விளைச்சல். கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஆலிவ், பேரீச்சை என்று தோரா சொல்லும் ஏழு. கோதுமை மணிகளைப் பசையில் வரிசையாக ஒட்டினார்கள். மாதுளைக்கு அதன் தோலையே வெட்டினார்கள். திராட்சைக்குக் கொத்தின் காம்பு. அத்திக்கு, இலையுதிர்காலத்தில் விழுந்த இலையைப் புத்தகத்துக்குள் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார் சவ்தா. இந்த வேலைக்காகவே மாதக்கணக்கில் காத்திருந்த இலை அது! தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் வாங்கிச் செய்யும் பள்ளி ப்ராஜெக்ட்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது மனசை நிறைத்தது. பேரீச்சங்கொட்டையைத் தொடாத பிள்ளைக்குப் பேரீச்சை மரத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அது படம்தான் என்பது என் கட்சி.

வேலைக்கு நடுவே ஹோனி என்ற பழங்கால யூத ஞானியின் கதை வந்தது. கரோப் கன்று நடும் ஒருவரைப் பார்த்து, “இது காய்க்க எத்தனை வருடம்?” என்று ஹோனி கேட்கிறார். “எழுபது.” “அதுவரை நீர் இருப்பீரா?” “என் முன்னோர் எனக்காக நட்டார்கள், நான் என் பிள்ளைகளுக்காக நடுகிறேன்.” யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத்தில் உள்ள கதை. மகன் உடனே தன் காயை உடைத்து விதைகளை எடுத்து எண்ண ஆரம்பித்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. து பிஷ்வாத் அன்று கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி கீரையை விதைத்து, வசந்தகாலத்தில் வரும் பஸ்கா பண்டிகை விருந்தில் உப்புநீரில் தொட்டுச் சாப்பிட அதையே பறிப்பார்கள். இரவெல்லாம் ஊறிய விதையை தயிர் டப்பாக்களில் போட்டுக் கொடுத்தார் சவ்தா. ரெஹோவோத் வீட்டு ஜன்னலில் வைத்தோம். மூன்று வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, பார்ஸ்லி அப்படித்தான். அந்த வருடம் பஸ்கா மார்ச் 30 மாலை. எங்களை மறுபடியும் அழைத்திருந்தார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே மகன் ரயிலில் வந்தான். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு கிள்ளு கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.