சுவர் நகரும் நேரம்

சென்ற மாதம் சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாடகத்தின் ஒத்திகையின்போது, மேடையின் பக்கவாட்டில் என்னோடு கறுப்பு உடையில் நின்ற மலாய்ப் பெண் ஒருவர், தம் கையிலிருந்த தாளை நீட்டி, அதில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த ஒரு தமிழ்ச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். "போகட்டும்" என்பதே அந்தச் சொல். தாய் வேடமேற்றவர் அதைச் சொல்லி முடித்ததும், சக்கரம் பொருத்திய வீட்டுச் சுவரை நாங்கள் இருவரும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எப்போது இழுப்பது என்பதை மேடை நிர்வாகி ஹெட்செட்டில் சொல்லிவிடுவார். ஆகவே அந்தச் சொல்லை அறிந்துகொள்ளும் கட்டாயம் அவருக்கு இல்லை. இருந்தும் அவர் அதை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போது எனக்கு என் சித்தப்பாவின் நினைவு வந்தது.

சித்தப்பா பகலில் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கினார். மாலையில் தமிழ் நாடகங்களுக்குத் திரை இழுத்தார். இரண்டும் கயிற்று வேலைதான் என்பார். ஐரோப்பாவின் பழைய நாடக அரங்குகளில் கப்பல் மாலுமிகளே மேடைக் கயிறுகளை இயக்கினார்கள் என்றும், அவர்கள் சீழ்க்கையால் சைகை கொடுத்துக்கொண்டதால்தான் மேடையில் சீழ்க்கை அடிக்கக் கூடாது என்ற வழக்கம் வந்தது என்றும் நாடகக்காரர்கள் சொல்வதுண்டு. இதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். கேட்டிருந்தால் சித்தப்பா மிகவும் மகிழ்ந்திருப்பார்.

பதினேழு வயதில் அவருடன் நான் முதன்முதலாகப் போனபோது, எங்கள் குழுவிடம் மூன்று படுதாக்கள் இருந்தன: அரண்மனை, தெரு, காடு. எந்த நாடகமானாலும் இந்த மூன்றுக்குள்தான் நடக்கும். படுதாவின் அடியில் மூங்கில் கோர்த்திருக்கும். மேலே கப்பியில் ஓடும் கயிற்றை இழுத்துக் கட்டையில் சுற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளைக் கூறுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும் அது சொல்கிறது. அந்தத் திரைகளை இழுத்தவரும் அந்த விளக்கை ஏற்றியவரும் யாரென்று காதை சொல்லவில்லை. எங்கள் காலத்து நாடக மலர்களிலும் அந்தப் பெயர்கள் வந்ததில்லை. ஒரு பிரியாணிப் பொட்டலமும் நள்ளிரவில் ஒரு தேத்தாரேயும் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) தான் எங்கள் கூலி. அதைக் குறையாக அன்று நாங்கள் எண்ணவில்லை, இன்று எண்ணுகிறேன்.

பெரிய அரங்குகளில் எதிர் எடை முறை இருந்தது. மேடைக்கு மேலே தொங்கும் நீளமான குழாயில் படுதாவைக் கட்டுவோம். அந்தக் குழாயைத் தாங்கும் கம்பிகள் உருளைகளின் வழியே போய், பக்கச் சுவரை ஒட்டி ஏறி இறங்கும் ஓர் இரும்புச் சட்டத்தில் முடியும். படுதாவின் எடைக்குச் சமமான இரும்புக் கட்டிகளை அந்தச் சட்டத்தில் அடுக்கிவிட்டால், நூறு கிலோவையும் ஒருவர் ஒற்றைக் கையால் இயக்கலாம். கட்டும்போது முதலில் படுதா, பிறகு இரும்பு. அவிழ்க்கும்போது முதலில் இரும்பு, பிறகு படுதா. இந்த வரிசை மாறக் கூடாது.

ஒரு முறை நான் அதை மாற்றிவிட்டேன். நாடகம் முடிந்து, மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில், மேலே இரும்புக் கட்டிகளை இறக்கிவிட்டார்களா என்று கேட்காமலேயே கீழே படுதாவின் முடிச்சுகளை அவிழ்த்தேன். குழாய் விருட்டென்று மேலே பறந்தது; எதிர்ப்பக்கத்தில் இரும்புச் சட்டம் இடியோசையுடன் கீழே விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த கயிற்றை நான் பிடிக்கப் போனதில் உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. அந்தச் சட்டத்துக்கு அடியில் அப்போது யாரும் நிற்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. கைக்கு மருந்திட்டுக் கட்டியபின், "இனிமே மேலே இருக்கிறவன் பதில் சொல்லாம கீழே முடிச்சைத் தொடாதே, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இன்றைய புதிய அரங்குகள் பலவற்றில் மின்விசைப்பொறிகளே குழாய்களை ஏற்றி இறக்குகின்றன. எத்தனை உயரத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் வர வேண்டும் என்பவற்றைக் கணினியில் பதிந்து வைத்துவிட்டால், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் துல்லியமாக நிற்கிறது. எஸ்பிளனேட் கலை அரங்கம் 2002 அக்டோபரில் திறக்கப்பட்டு, அங்கே கலா உத்சவம் என்னும் இந்தியக் கலைவிழா நடக்கத் தொடங்கிய பிறகு, எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் முறையாகப் பயின்ற பணியாளர்களின் அருகில் நின்று வேலை பார்க்கவும் கற்கவும் வாய்ப்புக் கிடைத்தது. உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் 2013இல் வந்தன. இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஏணி உச்சியில் நின்று, சூடு ஆறாத விளக்குகளுக்கு வண்ணத்தாள் மாற்றியவன் நான். இன்று பயிற்சியும் பாதுகாப்பு வாரும் இல்லாதவரை மேலே ஏற விடுவதில்லை. அந்தக் காலத்தில் இருந்த சுகம் இப்போது இல்லை என்று பழைய நண்பர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் உள்ளங்கைத் தழும்பை அவர்களுக்குக் காட்டுகிறேன்.

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். கயிற்றைக் கையில் பிடித்திருந்தவனுக்குப் படுதா எதிலாவது மாட்டிக்கொண்டால் கண்ணால் பார்க்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்த உணர்வு கிடைக்காது. அவர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும். அதிலும் இங்கே தமிழ் நாடகத்தில் ஒலிக்கு ஒரு சீனர், ஒளிக்கு ஒரு மலாய்க்காரர், மேடை நிர்வாகிக்கும் தமிழ் தெரியாது என்று அமைவது இயல்பு. அவர்கள் வசனத்தை ஓசையாகவும் நடிகரின் அசைவாகவுமே மனப்பாடம் செய்கிறார்கள். புரியாத மொழியில் இரண்டு மணி நேரம் ஒரு சொல்லையும் தவற விடாமல் இருட்டில் நிற்கும் அவர்களுக்கு நம் நாடகக் குழுக்கள் உரிய ஊதியம் தர வேண்டும். குறித்த நாளில் தர வேண்டும். 2020இல் கிருமித்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது, நாள் கூலியை நம்பியிருந்த இவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

அந்த நாடகத்தின் மூன்றாம் நாள் மேடையேற்றத்தில், தாயாக நடித்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "போகட்டும்" என்ற சொல் வரவே இல்லை. அவர் கதவின் மேல் வைத்திருந்த கையை மட்டும் மெல்ல எடுத்தார். ஹெட்செட்டில் சத்தமே இல்லை. நான் சுவரின் மறுகோடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மங்கிய நீல வெளிச்சத்தில் அந்த மலாய்ப் பெண்ணைப் பார்த்தேன். அவருடைய உதடுகள் அசைந்தன, அந்தச் சொல்லை அவரே தமக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த நொடியில் நிர்வாகியின் "கோ" என்ற ஆங்கிலக் கட்டளை காதில் விழுந்தது. அவர் அந்தப் பக்கம் பிடிக்க, நான் இந்தப் பக்கம் பிடிக்க, சுவர் ஓசையில்லாமல் உள்ளே வந்தது.