குழவிக்கல்லும் ஹேண்ட் பிரேக்கும்

ஜூன் 8, 2025, ஞாயிறு

சித்தப்பாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். அது கடைசியாக எப்போது பிடித்தது என்று சித்திக்கே ஞாபகம் இல்லை. கும்பகோணத்துப் பக்கம் அது யாருக்குத் தேவை? தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி தரை. வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டு வரலாம், நகராது. ஏற்றம் என்று இருப்பதே பாலங்கள்தான். அங்கே நிறுத்த நேர்ந்தால், டிக்கியில் கிடக்கும் உடைந்த அம்மிக் குழவியை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார் சித்தப்பா.

1967 வண்டி, மெட்ராஸில் செய்தது. இதை நான் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அக்கா மகன் சிரிக்கிறான். 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறதே, அது ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். பின்சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் மாதிரியான 7 அங்குல பிரேக் டிரம்கூட ஒன்றுதான். ஆக, தங்கை ஸ்போர்ட்ஸ் கார், அக்கா நம் வீட்டுக் கொட்டகையில்.

ஜூன் 9, திங்கள்

காலை ஆறு மணிக்கே ஜாக்கி போட்டாயிற்று. முன்சக்கரத்துக்குக் குழவி. ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, டிரம்மைப் பிடிக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றினேன். டிரம் அசையவில்லை. சுத்தியலால் தட்டப் போனவன், அப்புறம் யோசித்து, டிரம்முக்குள் இருப்பதையெல்லாம் தாங்கும் தகடான பேக் பிளேட்டுக்குப் பின்னால், பிரேக் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரை நாலு கிளிக் பின்னோக்கித் திருப்பினேன். லொடுக்கென்று வந்துவிட்டது.

உள்ளே கரித்தூள். டிரம்மில் உரசும் பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கவரில் கட்டிப் போட்டேன்.

டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிறை வடிவ ஷூக்களை உள்ளே இழுத்து வைக்கும் ஸ்பிரிங்குகள் சுருளுக்குச் சுருள் இடைவெளி விட்டுக்கொண்டு கிடந்தன. சிமென்ட் தரையில் போட்டுப் பார்த்தேன். நல்ல ஸ்பிரிங் 'தொப்' என்று விழும் என்பார்கள், இது கிணுங்கியது. உற்சாகத்தில் மறுபக்கத்தையும் பிரித்துவிட்டேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே பெரிய முட்டாள்தனம் அதுதான்.

ஜூன் 12, வியாழன்

சென்னை புதுப்பேட்டையிலிருந்து பஸ் பார்சலில் ஸ்பிரிங் வந்தது. மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒரே பேச்சு. எல்லோருக்கும் நாற்றங்கால் கவலை, எனக்கு இந்த நாலு ஸ்பிரிங்.

ஜூன் 14, சனி

இரண்டு ஷூவையும் பிளேட்டில் நிறுத்திவிட்டு, நோஸ் பிளையரால் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டப் பார்த்தேன். மூன்று தடவை நழுவியது. ஒரு தடவை கொட்டகையைத் தாண்டி வைக்கோல் போருக்குள் போய் விழுந்தது. தேட அரைமணி நேரம். கடைசியில் மாட்டி டிரம்மைப் போட்டால், சக்கரம் சுற்றும்போது கரகரவென்று உரசல். பார்த்து மாட்ட மறுபக்கமும் இல்லை, அதுவும் பிரிந்து கிடக்கிறது. செல்போனில் எடுத்த படத்தில் என் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மெக்கானிக் பாயைக் கூப்பிட்டு வந்தேன். எழுபது வயது, குனிய முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

"ஸ்பிரிங்கை வெளிப்பக்கம் மாட்டியிருக்கீங்க தம்பி, ஹப்புல உரசாம என்ன செய்யும்? அது பிளேட் பக்கம்ல இருக்கணும்."

அப்புறம் அவர் செய்து காட்டிய முறை: ஷூக்களைக் கீழே தரையில் வைத்தே இரண்டு ஸ்பிரிங்கையும் அதனதன் ஓட்டையில் மாட்டிவிட வேண்டும். பிறகு இரண்டையும் புத்தகம் மடக்குவது போல மடக்கிக் கொண்டுபோய், ஒரு பக்கம் அட்ஜஸ்டரிலும் மறுபக்கம், கால் பிரேக்கை மிதித்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரிலும் முனைகளை உட்கார வைத்து விரித்தால் போதும். பிளையரே வேண்டாம். கடைசியில், ஷூ பிளேட்டை விட்டு விலகாமல் பிடிக்க ஆணியும் சின்னச் சுருள் ஸ்பிரிங்கும் மூடியும். அமுக்கிக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும்.

ஆனால் மாட்டுவதற்கு முன் அவர் வீல் சிலிண்டரை விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இந்த வண்டியில் சிலிண்டர் பேக் பிளேட்டின் துளையில் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஹேண்ட் பிரேக் லீவர் ஒரு ஷூவைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையில் சிலிண்டர் நகர்ந்து மற்ற ஷூவை அழுத்தும். அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகையில் கொட்டகையில் கணுக்கால் தண்ணீர் நிற்கிற ஊரில் துரு பிடிக்காமல் இருக்குமா? சித்தப்பாவோ காரணத்தைப் பார்க்காமல் ஹேண்ட் பிரேக் கேபிளையே முறுக்கி முறுக்கி மரை தீர்ந்துபோகும் அளவுக்கு வைத்திருக்கிறார். ஸ்பிரிங் மட்டும் மாற்றியிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

உப்புத்தாள், பிரேக் கிரீஸ், இரண்டு மணி நேரம். சிலிண்டர் நகர்ந்தது. அட்ஜஸ்டரை இறுகும்வரை திருப்பி ஒரு கிளிக் பின்னால். கேபிளைத் தொட்டது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

பாய் கூலி வாங்கவில்லை, சித்தியிடம் காபி மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

அரசலாற்றுப் பாலம் ஏறும் இடத்தில், விடியற்காலை ஐந்தரைக்கு. லீவரை இழுத்துவிட்டுக் கால் பிரேக்கை விட்டேன். அக்கா மகன் பின்னால் குழவியோடு நின்றான். வண்டி ஒரு விரற்கடை பின்னால் போய் நின்றுவிட்டது.

"மாமா, நிக்குது!"

பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "வண்டி பிரேக் டவுனா?" என்று விசாரித்தார். வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இளக்கமாகத் தெரிகிறது. லைனிங் படிந்ததும் ஒரு கிளிக் வைக்க வேண்டும். வரும் வழியில் ஹாரன் அடிக்கவில்லை. அதையும் பார்ப்பார்களாம்.