தை அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு, கோடியக்கரை

கோடியக்கரை என்று பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கோடியக்கரை கிளம்பும். அத்தைக்கு அது ஆதிசேது; கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வேதாரண்யம் கோயிலுக்குப் போக வேண்டிய இடம். இவருக்கு ஐஸ் பெட்டியில் காலா மீன். ஏழாவது படிக்கிற பையனுக்குக் காட்டுக்குதிரை. சின்னவளுக்கு எங்கே போனாலும் மணல் இருந்தால் போதும். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வரப்போகிற நாத்தனார் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "கூட்டம் இல்லாத பீச்சா அண்ணி?" எனக்குப் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. இத்தனையையும் ஒரே பகலுக்குள் அடக்கிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு மன்னார்குடி திரும்பிவிட வேண்டும். திங்கள்கிழமை எல்லோருக்கும் வேலை, பள்ளிக்கூடம்.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அப்புறம் கோடியக்காடு, கோடியக்கரை. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். காலையில் ரோடு காலியாக இருந்தால் இரண்டு மணி நேரம். சண்டையெல்லாம் தேதியில்தான்.

சரணாலயத்துக்குள் இருக்கும் மானும் குதிரையும் நரியும் வருஷம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. பறவைகள் அப்படி இல்லை. அக்டோபரில் வர ஆரம்பித்து மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். அதற்காக ஐப்பசியிலோ கார்த்திகையிலோ போய் நின்றால் வடகிழக்குப் பருவமழை நம்மை வேனை விட்டு இறங்க விடாது. சதுப்பு முழுக்கத் தண்ணீர் ஏறிக் கிடக்கும். பறவைகளும் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குச் சிதறிவிடும். பூநாரைக்குத் தண்ணீரும் வேண்டும், ஆழமும் கூடாது. மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்து, அதன் காலுக்கு ஏற்ற அளவுக்கு வருவது தையில்தான். மாசியும் பரவாயில்லை. பங்குனி பிறந்துவிட்டால் அந்த வெட்டவெளியில் குழந்தைகளை நிறுத்த முடியாது.

சரி, தை என்று முடிவாயிற்று. உடனே அத்தை, "அப்ப அமாவாசைக்கே போயிடலாமே" என்றார். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கோடியக்கரையிலும் வேதாரண்யம் சன்னதிக் கடலிலும் எவ்வளவு ஜனம் வந்து முழுகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் வண்டி நகராது. அத்தனை பேர் இரைச்சலில் எந்த மான் வந்து நிற்கும்? காணும் பொங்கலும் அதே கதைதான். இதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அத்தை யோசித்துவிட்டு, அமாவாசைக்குக் கோயில் சினேகிதிகளோடு பஸ்ஸில் போய் முழுகிவிட்டு வந்துவிடுவதாகவும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடும் வருவதாகவும் தீர்ப்புச் சொன்னார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை. இதில் தோற்றது யார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்து, முத்துப்பேட்டை. சென்னைக்காரர்களுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், கோடியக்கரையையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது இரண்டையும் ஒரே ஈரநிலமாகத்தான் சேர்த்தார்கள். ஆனால் முத்துப்பேட்டை என்றால் ஜாம்பவானோடையில் படகு ஏறி, கோரையாற்றில் மெதுவாகப் போய், இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கவிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே காயலில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் இரண்டையும் வேன் ஜன்னல் வழியாகப் பார்த்த கணக்குத்தான். முத்துப்பேட்டைக்குக் கோடை விடுமுறையில் தனியாகப் போய்க்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டேன்.

இப்போது நாளின் வரிசை. மற்றவர்கள் எல்லாம் முதலில் காடு, பிறகு கடல், நேரம் இருந்தால் பறவை என்கிறார்கள். நான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். வேதாரண்யம் தாண்டித் தெற்கே போகும்போது சதுப்பும் உப்பளமும் ரோட்டுக்கு மேற்கே கிடக்கின்றன. காலையில் போனால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் அப்படியே தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் கண் கூசும், பறவையெல்லாம் கறுப்புக் கறுப்பாகத்தான் தெரியும். இன்னொன்று, ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் எழும்பும். பைனாகுலரில் பார்த்தால் நாரையின் கால்கள் நெளியும். அதனால் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஆறரை ஏழுக்குள் சதுப்பின் கரையில் நிற்க வேண்டும். நாலரையா என்று நாத்தனார் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். ஆமாம் அண்ணே, நாலரைதான்.

பூநாரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறேன். நிற்கும்போது அது ஏறக்குறைய வெள்ளைதான். இளசுகள் சாம்பல் நிறம். சிறகை விரித்துப் பறக்கும்போதுதான் உள்ளே இருக்கிற சிவப்பும் கறுப்பும் வெளியே வரும். சாப்பிடுகிற விதம் அதைவிட வேடிக்கை. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயுமாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற அமைப்பில் குட்டி இறால்களும் பாசியும் தங்கிவிடும். உடம்பில் ஏறும் நிறமே அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். பார்க்கிறோம் என்று கிட்டே போகக் கூடாது. கூட்டம் மொத்தமாகக் கழுத்தைத் தூக்கி ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நாம் அதிகமாக நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

பூநாரையைப் பார்க்கிற அவசரத்தில் காலடியில் இருக்கும் உள்ளான்களை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. எடை 20, 30 கிராம்தான். சேற்றைக் குத்திக் குத்தி ஓடிக்கொண்டே இருக்கும். அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசத்தில். பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இந்தக் கோடியக்கரையில் பல வருஷங்களாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுத்தான் இப்படிப்பட்ட வலசைகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்கள். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி நடந்து திரிந்த இடம் இது. பையன் இதைக் கேட்டதிலிருந்து வளையம் போட்ட பறவையைக் கண்டுபிடிப்பேன் என்கிறான். கண்டுபிடிக்கட்டும்.

டிபன் வேனிலேயே. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் கட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம். சட்னி கிடையாது, சொல்லிவிட்டேன்.

அப்புறம் சரணாலயம். 1967-இல் இதை அமைத்ததே வெளிமானுக்காகத்தான். புள்ளிமானும் உண்டு, ஆனால் வெயில் ஏறினால் அது நிழலுக்குள் போய்விடும். வெளிமான் பேருக்கேற்ற மாதிரி வெளியிலேயே நிற்கும், பத்து மணிக்குக்கூடப் பார்க்கலாம். அந்தத் தைரியத்தில்தான் காட்டை இரண்டாவதாக வைத்தேன். ஆண் மானின் முதுகு கருகருவென்று, வயிறு வெள்ளை வெளேரென்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போகும். பெட்டைக்குக் கொம்பு இல்லை, நிறம் மணல் நிறம். ஏதாவது சத்தம் கேட்டால் சும்மா ஓடாது. நாலு காலையும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுப்பிக் குதிக்கும். அதைப் பார்த்தால் சின்னவள் சிரிப்பாள், எனக்குத் தெரியும்.

பையன் கேட்கும் மட்டக்குதிரைகளும் அதே புல்வெளியில்தான் மேயும். எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள் அவை. பார்க்க அழகுதான், ஆனால் மானுக்குப் போட்டியாகப் புல்லைத் தின்பது அதுவும்தான். போதாததற்குச் சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது. குதிரையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மரத்தை என்னால் மன்னிக்க முடியாது. அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்கு வந்துவிடும். எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பதும், பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளில் யாரும் உடுத்தக் கூடாது என்பதும் என் இரண்டு கண்டிப்பான உத்தரவுகள். "போட்டோவுக்கு நல்லா இருக்காதே அண்ணி" என்று பதில் வந்தது. பச்சையும் பழுப்பும் போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும்.

காட்டுக்குள் இராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு உண்டு. சரணாலயத்திலேயே உயரமான இடம் அதுதான், உயரம் என்றால் சில மீட்டர்தான்! ஆனால் சுற்றிலும் அவ்வளவு தட்டையான பூமி என்பதால் அங்கே ஏறி நின்றாலே காடும் சதுப்பும் விரிந்து தெரியும். மேலே பாதச் சுவடு வைத்த சிறு மண்டபம். அத்தையும் கும்பிடலாம், நான் பைனாகுலரும் வைக்கலாம். இந்த ஒரு இடத்தில் எங்கள் இருவருக்கும் சண்டை இல்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். மன்னார்குடியில் எங்கள் தென்னையெல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள் அவை. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் விழுந்தது மட்டுமில்லை, மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்துப்போயின. பாலை மரங்கள் திரும்பத் தழைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்து, இப்போது கல் குவியலாகக் கிடக்கிறது. அதையும் காட்டலாம், எட்ட நின்று.

பதினொன்றரைக்குக் கடற்கரை. வங்கக் கடலோரமாகத் தெற்கே வருகிற கரை இந்த இடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அதுதான் கோடி. கடலில் இறங்கி ஆட்டம் போடுகிற கரை இல்லை இது. சின்னவளுக்கு மணல், மற்றவர்களுக்குக் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர், அதோடு சரி. மீன்பிடிப் பருவம் என்பதால் வேறு ஊர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள். காலா, வாவல், ஷீலா, நண்டு எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

மதியச் சாப்பாட்டைக் காட்டில் வைத்துக்கொள்ள முடியாது. குரங்குகள் விடாது; பிளாஸ்டிக்கும் எச்சில் இலையும் அங்கே போடவும் கூடாது. வேதாரண்யத்தில் எங்கள் சித்தி வீட்டுத் திண்ணை இருக்கிறது. புளியோதரையும் தயிர்சாதமும் இங்கிருந்தே கொண்டுபோகிறோம், சித்தி மோர்மிளகாய் மட்டும் வறுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதோடு நிறுத்தப்போவதில்லை. சித்தி வீட்டுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயதான ஒருவர், பெண்கள், குழந்தைகள் என்று ஒரு கூட்டம் காலை நாலரையிலிருந்து வெளியில் சுற்றினால் நல்ல பாத்ரூம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. திட்டம் போடுகிற ஆண்கள் யாரும் இதை எழுதிப் பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்ததும் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு எடுத்த இடம், நினைவுத்தூண் இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், மறுபடி தெற்கே வர வேண்டும். பாடத்தில் அரைப் பக்கமாகப் படித்ததைப் பையன் உப்பளத்தின் பக்கத்திலேயே நின்று பார்க்கட்டும். அங்கிருந்து கோயில். மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். மதிலழகு ஊர்க்காரர்கள் விளக்கழகைப் பகலில் பார்த்துவிட்டு வந்தால் நன்றாகவா இருக்கும்? மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

இதில் கடைசி வரை இழுத்தது மீன்தான். பதினொன்றரைக்கு வாங்கின மீனை டிக்கியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் கோயில் வாசலில் வண்டியை நிறுத்துவதா என்று அத்தை கேட்டார். இவர், பெட்டி மூடித்தானே இருக்கும் என்றார். அத்தை பதிலே பேசவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் சித்தி வீட்டில் மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கோயிலிலிருந்து திரும்பும்போது எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அதற்குள் சித்தி எத்தனை வாவலைக் கழற்றுவார் என்பது தனிக் கணக்கு.

வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, சரணாலயம் திறந்திருக்கிறதா, வேன் உள்ளே போகலாமா, அவர்கள் வண்டியில்தான் போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஐஸ் இவர் பொறுப்பு.